தேத்தண்ணி ஆறும் தெளிந்த கிணறும்

மகன்,

நீ கேட்ட கடிதத்தை நான் எழுதவில்லை. "அம்மா, நீங்கள் சயன்ஸ் ரீச்சர். அந்த ஆறு ஏன் அந்த நிறம், அதால ஒரு தீங்கும் இல்லை எண்டு நிரோஷாவுக்கு வடிவா விளக்கி ஒரு கடிதம் எழுதுங்கோ. நீங்கள் சொன்னால் அவள் நம்புவாள்" என்று போன கிழமை தொலைபேசியில் சொன்னாய். நானும் ஓம் என்றேன். அன்றைக்கே கதிரையை யன்னலடிக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு எழுதத் தொடங்கினேன். எழுதியதில் பிழையான வசனம் ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் திருப்பி வாசித்தபோது, அது ஒரு மாமி மருமகளுக்கு எழுதிய கடிதம்போல இருக்கவில்லை. கட்சிக்காரனுக்காக வாதாடும் சட்டத்தரணியின் பேச்சுப்போல இருந்தது. கட்சிக்காரர் யார் என்றால், நான்தான். தையில் உங்கள் கல்யாணம் முடிந்த பிறகு நீங்கள் இரண்டு பேரும் இந்த ஆற்றங்கரை வீட்டில் எங்களோடு வந்து இருப்பீர்களா, இல்லையா என்பதுதான் இப்போது உள்ள கேள்வி. இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அந்த ஆசையை அடியில் வைத்து மேலே விஞ்ஞானத்தைப் பூசி எழுதியிருந்தேன். ஆகவே அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, அவளுக்குச் சொல்ல நினைத்ததையும், அதற்குப் பிறகு நான் செய்த ஒரு காரியத்தையும் உனக்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். சாப்பிட்டுவிட்டு ஆறுதலாக இருந்து வாசி.

முதலில் ஆற்றைப் பற்றிச் சொல்கிறேன். நீ அதில் நீந்திப் பழகியவன், எல்லாம் தெரியும் என்று நினைப்பாய். நீந்துகிறவனுக்குத் தண்ணீர் தெரியும், அது வந்த வழி தெரிய வேண்டும் என்றில்லை. நகரத்திலிருந்து வடக்கே சல்லியையும் தாண்டித் திரியாய்ப் பக்கம் போகும் கரையில் கடலுக்கு இறங்கும் ஆறுகள் பல இருக்கின்றன. மழைக்குச் செம்மண் கரைத்துச் சிவப்பாக வருவது உண்டு, வயல் கழுவிச் சேற்று நிறத்தில் வருவது உண்டு. எங்களுடையது மட்டும் கோடையிலும் மாரியிலும் பால் விடாத தேநீரின் நிறம். ஊரார் அதைத் தேத்தண்ணி ஆறு என்று சொல்வதற்கு வேறு கதை ஒன்றும் இல்லை. அது மலையிலிருந்து வருவதில்லை. உள்ளே இருக்கும் காட்டில், மணல் பூமியில், மழைத் தண்ணீர் ஊறி ஊறிச் சேர்ந்து வருவது. அந்தக் காட்டில் விழுகிற இலை, பட்டை, காய் எல்லாம் மாதக்கணக்காகத் தண்ணீரில் கிடக்கின்றன. தேயிலையைச் சுடுதண்ணீரில் போட்டால் சாயம் உடனே இறங்கும்; காட்டிலையைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் மெதுவாக இறங்கும். இவ்வளவுதான் வித்தியாசம். வாழைப்பூவை நறுக்கினால் விரலில் கறை பிடிக்கிறது அல்லவா, பனிச்சங்காயைக் கடித்தால் நாக்கு இழுக்கிறது அல்லவா, அந்தத் துவர்ப்புக்குத்தான் ஆற்றின் நிறத்திலும் பெரிய பங்கு.

எல்லாக் காட்டிலும் இலை விழுகிறது, ஏன் எல்லா ஆறும் இப்படி இல்லை என்று ஒருமுறை வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது. நல்ல கேள்வி. அதற்கு நான் இரண்டு சிரட்டை எடுத்து, அடியில் துளை போட்டு, ஒன்றில் கடற்கரை மணலும் மற்றதில் வயல் களியும் நிரப்பி, இரண்டிலும் பால் விடாத பிளேன்ரீ ஊற்றிக் காட்டினேன். மணல் சிரட்டையால் ஊற்றிய நிறத்திலேயே வடிந்தது. களிச் சிரட்டையால் வெகுநேரம் கழித்து வடிந்தது, நிறமும் குறைந்திருந்தது. களிமண் சாயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மணலுக்குப் பிடிக்கத் தெரியாது. எங்கள் ஆற்றின் நிறத்துக்கு இலை பாதிக் காரணம் என்றால், தடுக்காத மணல் மீதிக் காரணம். அள்ளிய கையில் அது இளமஞ்சள், முழங்காலளவில் தேநீர், நெஞ்சளவில் கறுப்பு. தண்ணீர் இடத்துக்கிடம் மாறுவதில்லை, வெளிச்சம் போய்த் திரும்பும் தூரம்தான் மாறுகிறது. கடலைத் தொடும் இடத்தில் அந்த நிறம் எங்கே போகிறது என்று நீ சின்னவனாக இருந்தபோது கேட்டிருக்கிறாய். பாலில் எலுமிச்சை பட்டால் திரைகிறது. அதுபோல உப்புப் பட்டதும் சாயத்தில் ஒரு பகுதி திரண்டு, மெல்லிய பஞ்சாகி அடியில் இறங்கிவிடுகிறது. முகத்துவாரத்துச் சேறு மையைப்போலக் கறுத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த நிறத்தை நம்பிப் பிழைத்தவர்களும் உண்டு. நைலோன் வலை வருமுன், பருத்தி நூல் வலை கடல் தண்ணீரில் சீக்கிரம் இற்றுப்போகும். உன் அப்பாவைப் பெற்ற ஐயா பனிச்சங்காயை இடித்து, கண்டல் மரத்துப் பட்டையையும் போட்டு, பெரிய கிடாரத்தில் அவித்து வலையைத் தோய்த்து எடுப்பாராம். சாயம் ஏறிய வலை கூடுதல் காலம் நின்றது. அவர் கிடாரத்தில் செய்ததையே காடு ஆற்றில் செய்துகொண்டிருக்கிறது என்று அப்பா சொல்லுவார். துறைமுகத்துக்கு வந்த பழைய பாய்மரக் கப்பல்காரர் இப்படிச் சாயத் தண்ணீரை விரும்பிப் பீப்பாய்களில் நிரப்பிப் போனார்கள், அது கெதியில் நாறாது என்றும் ஒரு கதை இருக்கிறது. நான் அதை எழுத்தில் பார்த்ததில்லை. கதை என்றே வைத்துக்கொள். சண்டைக் காலத்தில் நாங்கள் இடம்பெயர்ந்து மேல்காட்டுக்குள் கிடந்தபோது இந்தத் தண்ணீரைத்தான் பால்மாத் தகரத்தில் கொதிக்க வைத்துக் குடித்தோம். அது கதையில்லை. என் நாக்குக்கே தெரியும்.

கடல் வந்த வருடம் உனக்கு நினைவிருக்கும். மேட்டுக் கோயிலில் தங்கியிருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது ஆறு தெளிந்து கிடந்தது. கடல் உள்ளே ஏறி, உப்பு எல்லாச் சாயத்தையும் திரட்டி அடியில் இறக்கிவிட்டிருந்தது. நீ பிறந்த நாள்முதல் காணாத அடிமணலைக் கண்டாய். சந்தோஷத்தில் கத்திக்கொண்டு கரைக்கு ஓடினாய். அடியில் ஒரு சைக்கிள் கிடந்தது, ஒரு கதவு நிலையோடு கிடந்தது, அலுமினியச் சட்டிகள் கிடந்தன. அப்பா உன்னை இடுப்போடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். இன்னும் என்னென்ன தெரியுமோ என்று அவருக்குப் பயம். மாரி பெய்து, காட்டுத் தண்ணீர் இறங்கி, மெல்ல மெல்ல ஆறு கறுத்தது. கறுத்த அன்றைக்குத்தான் நான் குசினி யன்னலைத் திறந்து வைத்துச் சமைத்தேன். அன்றுமுதல் இந்த நிறம் எனக்கு வெறும் பாடம் இல்லை. நிரோஷாவின் வீட்டார் வவுனியாப் பக்கத்திலிருந்து வந்த நாளில் நான் தண்ணீரைப் பற்றி அப்படிப் பேசியதற்கு இதையும் ஒரு காரணமாக நீ எடுத்துக்கொள்ளலாம். சாட்டாக எடுத்துக்கொள்ளாதே.

எங்கள் பக்கத்து வழக்கப்படி கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவது. நிரோஷாவின் அம்மா அந்த வழக்கத்தைத் தானே மாற்றிக் கேட்டா. "பிள்ளையள் உங்களோட இருக்கட்டும் ரீச்சர். தண்ணி வசதியான இடத்தில இருக்கட்டும்" என்றா. தன் ஒரே மகளை அனுப்பிவிட்டுத் தனியே இருக்க ஒரு தாய் தானாகக் கேட்கிறா என்றால், ஏன் என்று நான் யோசித்திருக்க வேண்டும். எனக்கு வந்த சந்தோஷத்தில் யோசிக்கவில்லை. தண்ணி வசதி என்று அவ சொன்னதை, கிணறு வற்றும் ஊராக்கும் என்று எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு வந்த அன்றைக்கும் அவையள் வீடு பார்க்க வரவில்லை, தண்ணீர் பார்க்க வந்தவர்கள். தாயும் மகளும் தாய்மாமனும் வந்து இறங்கி, வாசல் படலையில் நின்றபடியே ஆற்றைப் பார்த்தார்கள். பிறகு அந்த அம்மா எங்கள் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தா. மாரிக்கு எங்கள் கிணற்றிலும் அந்த நிறம் கொஞ்சம் ஏறும் என்பது உனக்குத் தெரியும்.

"ரீச்சர், இது என்ன இப்பிடி?" என்று கேட்டா.

வேறு யாரும் என்றால் "குழாய்த் தண்ணி இருக்கு, இதை நாங்கள் குடிக்கிறேல்ல" என்று ஒரு வசனத்தில் முடித்திருப்பார்கள். நான் குசினிக்குள் போய் இரண்டு கண்ணாடிக் கிளாஸ் எடுத்துக்கொண்டு வந்தேன். அப்பா அப்போதே இருமினார். முப்பது வருடம் என்னோடு குடும்பம் நடத்திய மனிசனுக்கு அந்த இரண்டு கிளாஸின் அர்த்தம் தெரியும். ஒன்றில் ஆற்றுத் தண்ணீர், ஒன்றில் குழாய்த் தண்ணீர். மேசையில் வைத்துவிட்டு, வகுப்பில் கேட்கிற மாதிரியே கேட்டேன்: "இதில எது பயப்பட வேண்டிய தண்ணி?" தாய்மாமன் சிரித்துக்கொண்டு ஆற்றுத் தண்ணீரைக் காட்டினார். நான் அதற்காகவே காத்திருந்தவள். "அப்பிடித்தான் எல்லாரும் நினைக்கிறது. நிறம் கண்ணுக்குத் தெரியும். ஆளைக் கொல்லுறது கண்ணுக்குத் தெரியாது. உள்ளுக்க சில ஊர்களில போய்ப் பாருங்கோ, கிணத்துத் தண்ணி கண்ணாடி மாதிரி. குடிச்சவைக்குச் சிறுநீரகம் போச்சு" என்றேன்.

"எந்த ஊர் ரீச்சர்?" என்றா அந்த அம்மா.

"பதவியாப் பக்கம். வவுனியாப் பக்கத்திலயும் சில இடங்கள்…" என்று சொல்லிக்கொண்டு போனவள், நீ என்னைப் பார்த்த பார்வையில் நிறுத்தினேன். ஆனாலும் விளங்கவில்லை. அவையளின் ஊரைக் குறைத்துச் சொல்லிவிட்டேன், அந்த அளவுதான் என்று நினைத்தேன். அந்த அம்மா குடித்துக்கொண்டிருந்த தேநீரை மேசையில் வைத்தா. தாய்மாமன் எழும்பி, "வெளிக்கிடுவம் அக்கா, பஸ் போயிடும்" என்றார். அவர்கள் வந்தது வாடகை வான் வண்டியில். அந்த வண்டி படலையில்தான் நின்றது.

நிரோஷாவின் அப்பா சிறுநீரகம் பழுதாகித்தான் செத்தவர் என்று போன கிழமைதான் நீ எனக்குச் சொன்னாய். ஏதோ நோய் வருத்தத்தில் செத்தவர் என்று மட்டும் முன்பு சொல்லியிருந்தாய். அவள் உன்னிடம் கேட்டுக்கொண்டபடி மறைத்தாய். அதில் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வருத்தம் வந்த வீட்டில் பெண் எடுக்க ஆட்கள் யோசிக்கிறார்கள், அது பரம்பரையாக வரும் என்று கதைக்கிறார்கள் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் மகன், நீ அதைச் சொல்லிவிட்டு அதே மூச்சில் "ஆகவே நீங்கள் ஒரு கடிதம் எழுதி அவளுக்கு விளங்கப்படுத்துங்கோ" என்றாய் பார், அங்கேதான் நீ என் பிள்ளை என்று தெரிந்தது. விளங்காததால்தான் பயப்படுகிறார்கள், விளக்கினால் பயம் போய்விடும் என்று நாங்கள் இரண்டு பேரும் நினைக்கிறோம். நிரோஷாவுக்கு விளங்காமல் இல்லை. அவள் பல்கலைக்கழகம் போனவள், ஒரு நாளைக்கு எத்தனையோ பேரின் விண்ணப்பங்களை வாசித்து முடிவு சொல்லும் உத்தியோகத்தில் இருப்பவள். தெளிந்த தண்ணீரை நம்பி ஏமாந்த வீட்டுப் பிள்ளையிடம் போய், தெளிவை நம்பாதே, இந்தக் கறுப்பை நம்பு என்றால், அவள் எதை வைத்து நம்புவாள்?

அதனால் நான் போனேன். உனக்குச் சொல்லவில்லை, சொன்னால் நீயும் வந்திருப்பாய், வந்தால் நடுவில் நின்று இரண்டு பக்கமும் மொழிபெயர்த்திருப்பாய். செவ்வாய்க்கிழமை விடிய வவுனியா பஸ்ஸில் ஏறினேன். ஹொரவப்பொத்தானையில் பஸ் நின்றபோது இறங்கி ஒரு பிளேன்ரீ குடித்தேன். கோப்பைக்குள் பார்க்கவே வெட்கமாக இருந்தது. அவையளின் வீட்டுக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. நிரோஷாவின் அம்மா என்னைக் கண்டு திகைத்தாலும், "வாங்கோ ரீச்சர், இருங்கோ" என்று கதிரையைத் துடைத்துப் போட்டா. உள்ளே போய்ச் சில்வர் கிளாஸில் தண்ணீர் கொண்டுவந்து தந்தா. வெயிலில் வந்தவளுக்கு யாரும் தருவதுதான்.

வாங்கினேன். தெளிந்த தண்ணீர். கிளாஸின் அடியில் பொறித்திருந்த பூ தெரிந்தது. கை உயரவில்லை. ஒரு கிளாஸ் தண்ணீரால் ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும், படிப்பித்தவளுக்கே தெரியும். தெரிந்தும் கை உயரவில்லை.

அவ பார்த்துக்கொண்டு நின்றா. "யோசிக்கிறீங்களோ ரீச்சர்?"

"ஓம். யோசிச்சுப் போட்டன்" என்றேன். பொய் சொல்ல ஏலாது, முகத்திலேயே இருந்திருக்கும்.

"குடியுங்கோ. அது மெசினில வடிச்ச ஆர்ஓ தண்ணி. சந்தியில பிளாஸ்ரிக் கான் கொண்டுபோய்ப் பிடிக்கிறனாங்கள். அந்தக் கிணத்துத் தண்ணி இப்ப கோழிக்கும் வைக்கிறேல்ல." பிறகு எனக்கு எதிரே திண்ணைக் குந்தில் இருந்துகொண்டு, "உங்கட வீட்டில நானும் உப்பிடித்தான் யோசிச்சனான். அண்டைக்கு நீங்கள் கிளாஸ் ரெண்டைக் கொண்டுவந்து எனக்குச் சோதினை வைச்சியள்" என்றா.

"வைச்சனான். நீங்கள் பாஸ், நான் பெயில்" என்றேன்.

அவவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தா, முடியவில்லை. சிரித்து முடித்த வாயாலேயே, "அவர் இருந்திருந்தால் உங்களுக்கு மேலால சோதினை வைச்சிருப்பார். கதைகாரன்" என்றா. அதற்குப் பிறகுதான் அவரைப் பற்றிச் சொன்னா. பஞ்ச காலத்திலும் வற்றாத கிணறாம். இளநீர்போலத் தண்ணியாம். அயலெல்லாம் குடத்தோடு வரும், அவர் ஒருவரையும் மறித்ததில்லை, தானே துலாவில் நின்று இறைத்துக் கொடுப்பாராம். அதில் அவருக்குச் சரியான பெருமையாம். "அவருக்குப் பிறகு எங்கட ஒழுங்கையில இருக்கிற இன்னும் ரெண்டு பேருக்கு அந்த வருத்தம் வந்திட்டுது ரீச்சர். எங்கட கிணத்தில அள்ளின வீட்டுக்காரர். ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்ல. ஆனால் நான் கோயிலுக்குப் போனால் அவையின்ர பெண்டுகளைப் பாக்காமல் மற்றப் பக்கத்தால சுத்தி வாறனான்." பிறகு என்னிடம் நேராகக் கேட்டா: "நீங்கள் படிச்சனீங்கள். சொல்லுங்கோ. எங்கட கிணறுதானோ?"

மகன், என் உத்தியோக காலம் முழுக்க எத்தனையோ கேள்விக்கு மறுமொழி சொல்லியிருக்கிறேன். ஆனால் இந்தக் கேள்விக்கு ஆளுக்கொரு மறுமொழி இருக்கிறது. தண்ணீரில் உள்ள தாதுப்பொருள் என்கிறார்கள், வயலுக்கு அடிக்கும் மருந்து என்கிறார்கள், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வது என்கிறார்கள், எல்லாம் சேர்ந்து என்றும் சொல்கிறார்கள். ஆராய்கிறவர்களே முடிந்த முடிவாகச் சொல்லவில்லை. "எனக்குத் தெரியாது அக்கா. படிச்சவைக்கும் இன்னும் வடிவாத் தெரியாது" என்றேன். அவ ஆறுதல் அடைவா என்று நினைத்தேன். அவவுக்குக் கோபம் வந்தது. "அப்ப ஏன் அண்டைக்கு அவ்வளவு தெரிஞ்ச மாதிரிச் சொன்னனீங்கள்? தெளிஞ்ச தண்ணிதான் கொல்லுறது எண்டு? ரீச்சரே தெரியாது எண்டால் நாங்கள் ஆரிட்டப் போய்க் கேக்கிறது?" என்று குரலை உயர்த்திக் கேட்டா. அன்றைக்கு லீவில் நின்ற நிரோஷா உள்ளே இருந்து வந்து, "அம்மா, காணும்" என்றாள். நான் "இல்லைப் பிள்ளை, கேக்கட்டும்" என்றேன். கேட்டா. அழுதா. பிறகு எழும்பிப் போய்ச் சோறு போட்டா. முருங்கைக்காய்க் குழம்பும் குளத்து மீன் பொரியலும். எந்தத் தண்ணீரில் சமைத்தது என்று நான் கேட்கவில்லை. ஆனால் அவவே சொன்னா: "இதுவும் கான் தண்ணிதான். வடிவாச் சாப்பிடுங்கோ."

நிரோஷா என்னை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு வந்து பஸ் தரிப்பில் விட்டாள். பஸ் வரும்வரை நின்றாள். அங்கே எங்களுக்குள் நடந்த கதையை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் உன் கேள்விக்கு மறுமொழி அதில்தான் இருக்கிறது.

"மாமி, அந்த ஆத்துத் தண்ணி குடிக்கலாமோ?"

"வேண்டாம். நிறத்துக்குப் பயந்து இல்லை. மேல மாடு குளிக்குது, ஆக்கள் குளிக்கினம். நிறம் அழுக்கில்லை எண்டது உண்மை. அதுக்காகத் தண்ணி சுத்தம் எண்டு சொல்ல ஏலாது. நாங்கள் குழாய்த் தண்ணிதான் குடிக்கிறது."

"கிணத்துத் தண்ணி?"

"சோறு காய்ச்சிறன்."

"குழாய் இருக்கேக்க ஏன்?"

"பழகிப் போச்சு. சோறு நல்லா வாற மாதிரி ஒரு நினைப்பு."

அதற்கு அவள், "நான் வந்தால் அதில காய்ச்ச விடமாட்டன்" என்றாள்.

"சரி."

"கோபமோ?"

"கொஞ்சம்."

சிரித்தாள். தாயின் அதே சிரிப்பு, அடக்கப் பார்த்துத் தோற்கிற சிரிப்பு. பிறகு சொன்னாள்: "உங்கட மகன், அம்மா விளக்கமா ஒரு கடிதம் எழுதுவா எண்டு சொன்னவர். எழுதாதேங்கோ மாமி. எனக்கு அதெல்லாம் இன்டர்நெட்டில இருக்கு, வாசிச்சிட்டன். எனக்கு அந்த ஆத்தைப் பாக்க வேணும். அண்டைக்கு நான் அதைப் படலையிலயும் கிளாஸிலயும்தான் பாத்தனான்."

"பாத்திட்டுப் பயமா இருந்தால்?"

"பயமா இருந்தால் இருக்கட்டும். பாக்காமல் பயப்பிடுறதைவிட அது பரவாயில்லை. ஆனால் உங்களுக்கு நான் இப்ப ஒண்டும் உறுதி சொல்ல ஏலாது மாமி. அந்த வீட்டில வந்து இருப்பன் எண்டும் சொல்லேல்ல, இருக்கமாட்டன் எண்டும் சொல்லேல்ல."

பஸ் வந்துவிட்டது. ஏறும்போது, மாரிக்கு முகத்துவாரத்தை அடைத்த மணலை வெட்டுவார்கள், அப்போது ஆறு முழுக்க அசையும், வந்து பார் என்று சொன்னேன். நாள் தெரிந்தால் சொல்லச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "அப்ப அவள் வரமாட்டாள் எண்டு வை. என்ன செய்யப் போறாய்?" என்றார். அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு நான் இரண்டு நாள் திரிந்தேன். மேல் அறைக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறேன், உனக்குத் தெரியும். யன்னலுக்குப் புதிய வலை போட்டிருக்கிறேன். இந்தப் பக்கத்துக்கு உன் இடமாற்றம் கிடைத்த அன்றைக்கு அயலெல்லாம் சொல்லித் திரிந்தேன். இதெல்லாம் அவளைக் கேட்டுச் செய்யவில்லை. அவளுடைய ஊரில், வழக்கப்படி, அவளுடைய அம்மாவோடு நீ போய் இருந்து கான் தண்ணீர் குடித்துச் சீவிக்கலாம். நகரத்தில் ஒரு வீடு வாடகைக்கு எடுக்கலாம்; துறைமுகம் தெரிகிற பக்கத்தில் வெறும் வீடுகள் இருக்கின்றன. இவை இரண்டும் எனக்கு நோகும். நோகும் என்பதை உனக்குச் சொல்கிறேன், மறைத்தால் நீ பின்னால் கண்டுபிடித்துக் குற்ற உணர்வோடு இருப்பாய். ஆனால் என் நோவைக் கொண்டுபோய் அவளுடைய பயத்துக்கு எதிரே தராசில் வைக்காதே. அவளுடைய வீட்டில் ஒரு ஆள் செத்திருக்கிறார். என் வீட்டில் ஒரு அறை வெறுமையாக இருக்கும். இரண்டும் ஒன்றில்லை.

நேற்று முகத்துவாரத்தடியில் கூட்டம் நடந்தது. ஒவ்வொரு மாரியும் நடக்கிற அதே சண்டை. வயல்காரர் தண்ணீர் வரம்பை மூடுமுன் வெட்டு என்கிறார்கள். இறால் பிடிக்கிறவர்கள் இன்னும் கொஞ்சம் பொறு, இறால் பருக்கட்டும் என்கிறார்கள். "உங்கட இறால் பருக்கிறதுக்குள்ள என்ர நெல்லு நீந்தப் பழகிடும்" என்று ஒரு முஸ்லிம் வயல்காரர் சொல்ல, எல்லாரும் சிரித்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். அடுத்த கிழமை ஞாயிறு காலையில் வெட்டு. உடனே நிரோஷாவுக்குச் சொன்னேன். தாயையும் கூட்டிக்கொண்டு வருகிறாளாம். "அம்மா வரமாட்டன் எண்டவ, பிறகு, ரீச்சர் தனிய எங்கட வீட்டுக்கு வந்தவதானே எண்டு சொல்லிப்போட்டுச் சீலையை மடிச்சு வைச்சிட்டா" என்றாள்.

நீயும் முதல் நாளே லீவு எடுத்துக்கொண்டு வா. எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். முதலில் மண்வெட்டியால் ஒரு வாய்க்கால், ஒரு ஆள் தாண்டக்கூடிய அகலம். தண்ணீர் ஏதோ யோசிப்பதுபோல மெதுவாக இறங்கும். பிறகு மணல் இரண்டு பக்கமும் இடியத் தொடங்கும். மத்தியானத்துக்குள் அந்தக் கறுப்பு முழுவதும் கர்ச்சித்துக்கொண்டு கடலுக்குள் போகும், வெள்ளை நுரைக்கு நடுவே தேநீர் நிறத்தில் ஒரு நாக்கு நீண்டு கிடக்கும். பார்த்துப் பழகியவர்களே ஒரு அடி பின்னால் எடுத்து வைப்பார்கள். அவளுக்கு அது வடிவாகவும் இருக்கலாம், பயங்கரமாகவும் இருக்கலாம். கரைக்குக் கிட்டே போக விடாதே. வெட்டிய மணல் சட்டென்று இடியும். மற்றபடி ஒன்றும் சொல்லாதே. இலை, மணல், உப்பு என்று தொடங்காதே. அவள் கேட்டால் கேட்டதற்கு மட்டும் மறுமொழி சொல். தெரியாததைத் தெரியாது என்று சொல். நான் அந்த அம்மாவோடு கொஞ்சம் தள்ளிக் கண்டல் மரங்களுக்குப் பக்கத்தில் நிற்பேன். அவவுக்கும் கதைக்க ஒரு ஆள் வேண்டும், எனக்கும் வேண்டும்.

எவ்வளவு நேரம் அவள் நிற்க நினைக்கிறாளோ அவ்வளவு நேரம் நில். அவள் திரும்பி உன்னைப் பார்த்து, "போவம்" என்று சொன்னால், ஏன் என்று கேட்காதே. திரும்பி என் முகத்தையும் பார்க்காதே. அவளோடு போ.

அம்மா